காவலர் வேலை உங்களுக்குப் பொருந்துமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் காவலர் தேர்வை அறிவித்துவிட்டால் போதும், ஊர் மைதானங்களில் விடியற்காலை ஓட்டம் தொடங்கிவிடும். எப்படித் தேர்ச்சி பெறுவது என்று சொல்லித்தரப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. இந்த வேலை நமக்குச் சரிப்பட்டு வருமா என்பதை மட்டும் நாமேதான் கேட்டுப் பார்க்க வேண்டும். இளமையில் இரண்டு மூன்று ஆண்டுகளைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

படி 1: அடிப்படைத் தகுதியைச் சரிபாருங்கள்

இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சார்பு ஆய்வாளர் பணிக்குப் பட்டம் தேவை. உயரம் பொதுவாக ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 159 செ.மீ. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இது முறையே 167, 157 செ.மீ. ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். வயது வரம்பும் சலுகைகளும் பிரிவுக்குப் பிரிவு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

ஓட்டத்தைப் பழகிப் பிடித்துவிடலாம். உயரத்தையும் பார்வையையும் பழக முடியாது. அதனால் படிப்பைத் தொடங்கும் முன்பே ஒரு மருத்துவரிடம் போய் உயரம், கண்பார்வை, நிறம் பிரித்தறியும் திறன், பாதம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

படி 2: உங்கள் மேல் வழக்கு உண்டா?

தேர்வில் முதலிடம் வந்தாலும் நடத்தைச் சரிபார்ப்பைத் தாண்டித்தான் பணியாணை கிடைக்கும். கல்லூரி நாளில் நடந்த அடிதடி, ஊர்த் தகராறில் சேர்க்கப்பட்ட பெயர் என்று எதுவாக இருந்தாலும், முடிந்துபோன வழக்காக இருந்தாலும், விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்காதீர்கள். மறைத்ததே வேலையைப் பறிக்கப் போதுமான காரணமாகிவிடும். அப்படி ஏதாவது இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

படி 3: வேலையின் உண்மையான நாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பயிற்சி முடிந்ததும் நேரே காவல் நிலையத்தில் அமர்ந்து துப்புத் துலக்கலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் நிலைக் காவலர்கள் பெரும்பாலும் முதலில் ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோதான் போவார்கள். தேர்த் திருவிழா, தலைவர் வருகை, தேர்தல் என்று பந்தோபஸ்து மாறி மாறி வரும். தீபாவளி, பொங்கல் அன்றுதான் வேலை அதிகம். வார விடுப்புக்கு 2021-இல் அரசு ஆணை வந்தது. ஆனாலும் பந்தோபஸ்து நாளில் வீட்டு விசேஷத்துக்குப் போக முடியாமல் போகும்.

நிலையப் பணிக்கு வந்த பிறகு வேறு வகைப் பாரம். சாலை விபத்தில் ஒருவர் இறந்தால், உடலோடு அரசு மருத்துவமனைக்குப் போகிறவர் ஒரு காவலர். பிணவறை வாசலில் காத்திருந்து, மருத்துவரிடம் உடலை அடையாளம் காட்டி, பிரேதப் பரிசோதனை முடிந்ததும் உறவினரிடம் ஒப்படைத்து, இறந்தவரின் உடைகளைப் பெற்றுவந்து நிலையத்தில் கொடுக்க வேண்டும். மறுநாளும் வேலைக்கு வர வேண்டும்.

உங்கள் பகுதியில் பணியாற்றும் ஒரு காவலரையும், ஓய்வு பெற்ற ஒருவரையும் சந்தியுங்கள். சம்பளத்தோடு சேர்த்துத் தூக்கம், பிள்ளைகளின் படிப்பு, இடமாறுதல் பற்றியும் கேளுங்கள். முடிந்தால் வீட்டிலுள்ளவர்களையும் கூட்டிப் போங்கள்.

படி 4: உங்கள் கோபத்தை அளந்து பாருங்கள்

இந்தக் காட்சியில் உங்களை வைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கிய பணி. இப்போது இரவு பதினொன்று. கணவன் நகையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளிவிட்டான் என்று ஒரு பெண் அழுதபடி வருகிறார். சொன்னதையே சொல்கிறார், முன்னுக்குப் பின் மாறுகிறது. நீங்கள் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முழுதாகக் கேட்டு, மனு ஏற்புச் சான்றைக் கையில் கொடுப்பீர்களா? அல்லது “காலையில் வாம்மா” என்பீர்களா?

நேர்மையான பதில் இரண்டாவது என்றால், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் தம்பியிடமும், பேருந்தில் சில்லறைக்கும் கையோங்கும் பழக்கம் சீருடை போட்டதும் மறையாது, பெருகும்.

படி 5: தப்பு நடந்தால் வாய் திறப்பீர்களா?

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. பயண நேரம் மட்டும் இதில் சேராது. கைது நடைமுறைக்கு உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் வகுத்த விதிகளும் உண்டு. மேலதிகாரி மீறச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

2020-இல் சாத்தான்குளத்தில் காவலில் எடுக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம், அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர், அவர்கள் காவலில் இருந்த இரவில் தாம் கண்டதைச் சொன்னார். உடன் வேலை செய்கிறவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் துணிவு அது. 1,500 மீட்டர் ஓட்டத்தில் அதை யாரும் சோதிக்க மாட்டார்கள்.

படி 6: ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள்

• தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுங்கள்.
• கோயில் திருவிழாவிலோ ரத்த தான முகாமிலோ தொண்டராக ஒரு நாள் முழுக்க நின்று கூட்டத்தைச் சமாளியுங்கள்.
• கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தை நேரம், இடம், ஆள் அடையாளத்தோடு ஒரு பக்கம் எழுதுங்கள்; கூட்டியோ குறைத்தோ எழுதாதீர்கள். நீதிமன்றத்தில் வழக்கு நிற்பது இந்த எழுத்தில்தான்.
• உங்களை நன்றாக அறிந்த மூவரிடம், “எனக்கு அதிகாரம் கொடுத்தால் பயப்படுவாயா?” என்று கேளுங்கள்.

முடிவாக

ஓட்டத்தில் சிறு குறை என்றால் பயிற்சியால் சரிசெய்யப் பாருங்கள். சட்ட அறிவு குறைவு என்றால் பயிற்சிப் பள்ளி கற்றுக்கொடுக்கும். நான்காம், ஐந்தாம் படிகளில் மனம் இடறினால் வேறு அரசுப் பணிக்குப் படியுங்கள். அதில் எந்த அவமானமும் இல்லை. அந்த இரண்டிலும் தேறியவர் நீங்கள் என்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். நியாயம் கேட்டு நிலையப் படியேறும் ஏழைக்கு உங்களைப் போன்றவர்தான் தேவை.