மூன்றாம் வகுப்புப் பயணமும் மூல ஆவணமும்

ரயில் பெட்டிப் பராமரிப்பில் வாழ்நாளைக் கழித்தவன் நான். வரலாறு படித்தவன் அல்லன். ஆயினும் நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அங்கு நான் கற்றது ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

காந்தியடிகளின் எழுத்துகள் அடங்கிய 100 ஆங்கிலத் தொகுதிகளையும் 'காந்தி ஹெரிடேஜ் போர்ட்டல்' என்னும் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். 2013-இல் தொடங்கப்பட்ட இதை அகமதாபாத் சபர்மதி ஆசிரமத்தார் நடத்துகின்றனர். 1917 செப்டம்பர் 25 அன்று ராஞ்சியிலிருந்து அவர் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

மும்பையிலிருந்து புனே, ரெய்ச்சூர் வழியாகச் சென்னைக்கு, நாம் ஊருக்குப் போகும் அதே பாதையில், மெயில் வண்டியின் மூன்றாம் வகுப்பில் சென்றிருக்கிறார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேருக்கான பெட்டி, இரண்டு இரவுகள், பத்திரமாகப் படுக்க இடமில்லை. ரெய்ச்சூருக்குப் பின் நெரிசல் தாங்கவில்லை. திரும்பி வந்த பயணத்தில் பலகைகளில் அழுக்கு அப்பிக் கிடந்தது. அப்போது உடன் வந்தவர்களில் இருவர் தமிழர்.

பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார்? அவர் கண்ணால் கண்டது எது, கருத்து எது? மறுதரப்பின் நியாயம் என்ன?

மூன்றாவதற்கு விடை கையில் வைத்திருந்தேன். அது முதல் உலகப்போர்க் காலம். நம் எஞ்சின்களும் தண்டவாளங்களும் மெசபடோமியாவுக்குப் போய்விட்டன. "பாவம், ரயில்வே என்ன செய்யும்?" என்றேன்.

ஒரு மாணவி எழுந்தாள். "சார், அதுக்கும் அவரே பதில் எழுதியிருக்காரே!"

கணினியில் காட்டினாள். போருக்காகப் பயணிகள் வண்டியையே நிறுத்தினாலும் புரிந்துகொள்ளலாம். அழுக்குக்கும் நெரிசலுக்கும் போர் சாக்காகாது என்பது அவர் வாதம். நான் முதல் இரண்டு பக்கங்களை மட்டுமே படித்துவிட்டு வந்திருந்தேன். வெட்கமாயிருந்தது. பெட்டியைக் கழுவத் தண்ணீரும் துடைப்பமும் போதும், எஞ்சின் வேண்டாம் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஆகவே, ஆவணத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். பிறகு மறுதரப்பையும் தேடுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் பழைய அரசுக் கோப்புகளைத் தேடலாம். அக்கால ரயில்வே கோப்புகளைத் தேடும் வேலையை அந்த மாணவியிடமே ஒப்படைத்திருக்கிறேன். இம்முறை நானும் முழுவதும் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன்.