முடிக்குக் கிளிசரின்: எப்போது, எவ்வளவு, எப்படி?

ஆர்.கே.பேட்டைப் பக்கம் கத்திரி வெயிலில் முடி நார் நாராக வறண்டுவிடும். ஐப்பசி மழை பிடித்தால் அதே முடி சீப்புக்கு அடங்காமல் எழும்பி நிற்கும். இந்த இரண்டு தொல்லைக்கும் ஷாம்பு, கண்டிஷனர், சீரம் பலவற்றில் சேர்க்கப்படும் கிளிசரினோடு சம்பந்தம் உண்டு.

1. கிளிசரின் எண்ணெய் அல்ல. எண்ணெயைக் காரத்தோடு சேர்த்து சோப்பு காய்ச்சும்போது பிரிந்து வரும் பொருள். 1779-இல் ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலாளர் ஆலிவ் எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். மழைநாளில் திறந்து வைத்த வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிகிறதே, கிளிசரின் செய்வதும் அதுதான். எண்ணெய் முடியைப் போர்த்தி இருக்கிற ஈரத்தைக் காக்கும். கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும்.

2. ஆகவே காய்ந்த முடியில் தடவிப் பயனில்லை. தலைக்குக் குளித்து, துண்டால் ஒற்றி, முடி ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும். மேலே இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் போதும். இரண்டையும் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள், சேராது.

3. அளவு: 100 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும். கிளிசரின் தண்ணீரைவிடக் கனமானது, ஊற்றியதும் அடியில் தங்கும், நன்றாகக் குலுக்கிக் கலந்து தெளியுங்கள். சுத்தக் கிளிசரின் எளிதில் கெடாது. தண்ணீர் கலந்துவிட்டால் கிருமி வளரும். இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் கலந்து, ஃபிரிட்ஜில் வையுங்கள்.

4. வறண்ட வெயில் காலத்தில் காற்றில் இழுக்க ஈரம் இருக்காது. அப்போது கெட்டியாகத் தடவினால் முடி பிசுபிசுக்குமே தவிர மிருதுவாகாது. இன்னும் நீர்க்கக் கலக்கலாம். அடைமழை நாட்களில் ஈரத்தை அதிகம் இழுத்து முடி உப்பும்; அப்போது நிறுத்திவிட்டு எண்ணெயே போதும் என்று இருங்கள்.

5. தறி ஓடும் வீட்டுப் பெண்கள் கவனிக்க: பிசுபிசுப்பான முடியில் நூல் பஞ்சு வந்து ஒட்டும். அதைச் சீவி எடுக்கப் போய் முடிதான் அறுகிறது. வேலை முடிந்து தலை அலசிய பிறகு தடவுங்கள். தறிக்குப் போகும்போது முடியை இறுக்கிக் கட்டுவது அதைவிட முக்கியம்.

6. ஷாம்பு, சீரம் பாட்டிலின் பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுவே பொதுவாக முதலில் அச்சிடப்பட்டிருக்கும். கிளிசரின் கடைசி வரிசையில் இருந்தால் அளவு சொற்பம். அதிலும் ஷாம்புவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். அலசாமல் முடியிலேயே விடும் கிரீம், சீரத்தில்தான் முழுப் பலன். கூடுதல் விலை கொடுப்பதானால் அவற்றுக்குக் கொடுங்கள்.

7. திருத்தணியில் மொட்டை போட்டு வந்த பிள்ளைகளின் தலையில் சவரக்கத்தி பட்ட கீறல் இருக்கும். அதில் கிளிசரின் பட்டால் எரியும். சந்தனம் காய்ந்து உதிர்ந்ததும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும்.

8. கிளிசரின் முடியை வளர்க்காது, பொடுகையும் போக்காது. அப்படிச் சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

9. மருந்துக்கடையில் ‘ஐ.பி.’ (இந்தியன் பார்மகோபியா தரம்) என்று அச்சிட்ட பாட்டிலையே கேளுங்கள். தொழிற்சாலைக் கிளிசரின் வேண்டவே வேண்டாம். 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டைஎதிலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த கிளிசரினைக் குடிக்கக் கொடுத்ததில் 14 நோயாளிகள் இறந்தார்கள். தலைக்குத் தடவ வாங்கினாலும் வீட்டுக்குள் வரும் பாட்டில் சுத்தமாக இருக்கட்டும்.

10. கிணற்றில் போடும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூள்மேல் கிளிசரின் சிந்தினால், தீக்குச்சி இல்லாமலே பற்றி எரியும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமலும் வையுங்கள்.