நாடுகளை அறிவோம்: சுரினாம்

தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் உள்ள நாடு சுரினாம். மேற்கே கயானா, கிழக்கே பிரெஞ்சு கயானா, தெற்கே பிரேசில், வடக்கே அட்லாண்டிக் பெருங்கடல். அந்தக் கண்டத்தின் சுதந்திர நாடுகளில் மிகச் சிறியது இதுவே. ஆயினும் இதன் பரப்பு சுமார் 1,63,800 சதுர கி.மீ. அதாவது, தமிழ்நாட்டைவிடப் பெரியது! மக்கள் தொகையோ ஏறத்தாழ 6 லட்சம்தான். நிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் மழைக்காடு என்பதால் பெரும்பாலோர் கடற்கரையை ஒட்டியே வாழ்கின்றனர். தலைநகர் பரமாரிபோ.

ஆட்சிமொழி டச்சு. தென் அமெரிக்காவில் டச்சு மொழியை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடு இது. 1667ஆம் ஆண்டு பிரெடா உடன்படிக்கைப்படி சுரினாம் டச்சுக்காரர் வசமாயிற்று. இன்றைய நியூயார்க் ஆங்கிலேயர் வசமே இருந்தது. கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் வதைபட்டனர். 1863 ஜூலை 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது. அதன் பிறகும் 10 ஆண்டுகள் அவர்கள் தோட்டங்களில் கட்டாய வேலை செய்ய நேர்ந்தது. அந்தக் கெடு முடியும் வேளையில் முதலாளிகள் இந்தியா பக்கம் திரும்பினர்.

நாம் வாழும் இந்தக் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்துதான் 'லல்லா ரூக்' என்ற கப்பல் புறப்பட்டு, 1873 ஜூன் 5 அன்று சுரினாம் சேர்ந்தது. அதில் சென்றவர் ஏறத்தாழ 400 பேர். 1916 வரை சுமார் 34,000 பேர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சென்றனர். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பகுதி ஏழைகள். ஒப்பந்தம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பாமல், நிலம் பெற்று நெல் பயிரிட்டு அங்கேயே தங்கிவிட்டனர். 1890 முதல் ஜாவாத் தீவினரும் வந்தனர். 1975 நவம்பர் 25 அன்று நாடு விடுதலை பெற்றது. இன்று மக்களில் கால் பங்குக்கும் சற்று மேல் இந்திய வம்சாவளியினர்.

இவர்களுடைய மொழி வரலாறு நமக்கும் ஒரு பாடம். போஜ்புரி, அவதி முதலிய மொழிகள் கலந்து 'சர்நாமி' என்ற புதுமொழி அங்கே உருவாயிற்று. பள்ளியிலும் அலுவலகத்திலும் டச்சு. கடைத்தெருவில் எல்லோருக்கும் பொதுவான ஸ்ரானன் மொழி. சர்நாமிக்கு எஞ்சிய இடம் வீடும் வயலும்தான். அரசு ஏற்ற எழுத்துமுறை கிடைத்ததே 1986இல்தான்; அதுவும் ரோமன் எழுத்தில். பாட்டி பேத்தியிடம் பேசியதால் மட்டுமே நூறாண்டுக்கு மேல் அது உயிரோடு இருந்தது. இப்போது இளைய தலைமுறை வீட்டிலும் டச்சுக்கு மாறிவருவதால் அங்குள்ள பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள்.

நமக்கோ எழுத்து உண்டு, நூல்கள் உண்டு, ரயிலேறினால் சென்று சேர ஊரும் உண்டு. ஆனாலும் வீட்டில் பேசாவிட்டால் இவையெல்லாம் இருந்தும் பயனில்லை.

பிள்ளைகளே, விடை எழுதுங்கள்:

1. சுரினாமின் ஆட்சிமொழி எது? தலைநகர் எது?
2. லல்லா ரூக் எந்த ஊரிலிருந்து புறப்பட்டது?
3. உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் இங்கு வந்தது? தாத்தா பாட்டியிடம் கேட்டு, தமிழில் ஐந்து வரி எழுதுங்கள்.