வெள்ளையாக இருந்தால் உடனே நசுக்காதீர்கள்

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் பால்கனியில் செம்பருத்தி வளர்க்கும் நம்மவர்களுக்கு: வெள்ளையாக ஒட்டியிருப்பதெல்லாம் மாவுப்பூச்சி அல்ல. அதைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவும் மெழுகு இழை போர்த்தி அதே மாதிரிதான் இருக்கும். உருவில் பெரிதாக, இழைகள் நீண்டு, தொட்டால் விறுவிறுவென நகர்ந்தால் விட்டுவிடுங்கள். அது நம் கட்சி. காபித் தோட்டங்களைக் காக்க 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு அது.

எறும்புகளைத்தான் முதலில் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக அவை காவல் நின்று பொறிவண்டை விரட்டிவிடும். அடித்தண்டில் காகிதப் பட்டை சுற்றி வாஸ்லின் தடவுங்கள். சுவரைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். எறும்புக்காகத் தொட்டியடித் தட்டில் தண்ணீர் தேக்க வேண்டாம், டெங்குக் கொசு பெருகும். புழு கண்ணில் பட்டபின் மருந்தடிக்காதீர்கள். மாவுப்பூச்சியை மட்டும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.