பழைய யமஹா வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: பெயின்ட், குரோம், சீட் அனைத்தும் புதிதாக்கப்பட்ட 1992-ஆம் ஆண்டு ஆர்எக்ஸ் 100 ஒன்று விலைக்கு வந்துள்ளது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், தருமபுரி

பதில்: ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் எண்களைப் பார்க்க வேண்டும். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவுடன் இணைந்து 1985-இல் சந்தைக்குக் கொண்டுவந்து 1996-இல் உற்பத்தியை நிறுத்திய இந்த 98 சி.சி. வண்டிக்கு இன்று கிராக்கி மிகுந்துவிட்டதால், ஒன்றின் சேசிஸும் இன்னொன்றின் இன்ஜினும் மூன்றாவதன் ஆர்.சி.யுமாகச் சேர்த்துக் கட்டப்பட்ட வண்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. ஹேண்டில்பார் பொருந்தும் கழுத்துப் பகுதியில் அடிக்கப்பட்டுள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் பெட்டியில் உள்ள எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும்; எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த தடமோ, எழுத்துகளில் ஏற்றத்தாழ்வோ, அந்த இடத்தில் மட்டும் தடித்த பெயின்டோ தென்பட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் மாற்றப்பட்டிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி அதற்கு அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும். எண் பொருந்தாத வண்டியை எவ்வளவு குறைந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

கேள்வி: சைலன்சரின் உட்குழாயைக் கழற்றினால் வேகம் கூடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: இல்லை. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினின் சைலன்சர், வெளியேறும் வாயுவின் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, எரியாத கலவை வீணாகாமல் காக்கும்படி அளந்து செய்யப்பட்டது. அதைச் சிதைத்தால் இழுவை குறையும், சத்தம் கூடும், அபராதமும் வரும்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக இன்ஜினைப் பிரிக்கவே இல்லை, கம்பெனி ஃபிட்டிங் அப்படியே இருக்கிறது என்று கூறி விற்பவர் கூடுதல் விலை கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: கொடுக்கக் கூடாது. பழைய வண்டிச் சந்தையில் இதைவிடச் சேதம் விளைவித்த நம்பிக்கை வேறில்லை என்பதால் காரணத்தை விரித்துக் கூற வேண்டியுள்ளது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் சுழலும் அடிப்பெட்டிக்கு, கலவையை உள்ளிழுக்கும் வேலை கிடையாது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினிலோ அந்தப் பெட்டியே பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சி, பிஸ்டன் கீழிறங்கும்போது அதை அழுத்தி, மேலே சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆகவே அது காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும். கிராங்கின் இரு முனைகளிலும் பொருத்தப்பட்ட ஆயில் சீல்கள் எனப்படும் ரப்பர் வளையங்கள் அந்தக் காவலைச் செய்கின்றன.

ரப்பர், வண்டி ஓடினாலும் நின்றாலும், வெப்பத்தாலும் வயதாலும் இறுகிவிடும். மேக்னெட் பக்கத்துச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோலின் பங்கு குறைய, சூடு மிகுந்து பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது. மெக்கானிக்குகள் இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்று கூறுவது இந்த நிலையைத்தான். கியர் பக்கத்துச் சீல் கசிந்தால் கியர் பாக்ஸ் ஆயில் உறிஞ்சப்பட்டு எரிந்து, வண்டி சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வரும். முப்பது ஆண்டுகள் பிரிக்கப்படாத இன்ஜின் என்றால் முப்பது வயதுச் சீல்களுடன் ஓடும் இன்ஜின் என்பதே பொருள். அதற்குக் கூடுதல் விலை கேட்பதும் கொடுப்பதும், இந்த இன்ஜின் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இருவரும் அறியாததையே காட்டுகின்றன.

விலை கொடுக்கத் தக்கது, முறையாகப் பிரித்துச் சரிசெய்ததற்கான சான்றாகும். ஆர்எக்ஸ் 100-இன் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ.; தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைந்து சற்றே பெரிய பிஸ்டன் போடுவதைப் போர் அடித்தல் என்பர். அது 0.25 மி.மீ. படிகளாக 1 மி.மீ. வரை செல்லும், கடைசிப் படியை அடைந்துவிட்ட சிலிண்டருக்கு ஸ்லீவ் அல்லது வேறு பிளாக் தவிர வழியில்லை. எனவே பிஸ்டன் எந்த அளவு, சீல்களும் கிராங்க் பேரிங்குகளும் எப்போது மாற்றப்பட்டன, லேத் பட்டறை ரசீது எங்கே என்று கேட்க வேண்டும். இவற்றுக்குப் பதில் கூறக்கூடியவர் கழற்றிய பழைய பாகங்களையும் பெரும்பாலும் எடுத்து வைத்திருப்பார். அத்தகையவர் கேட்கும் விலை நியாயமானது. பதில் இல்லாத இடத்தில், முழு இன்ஜின் வேலைக்கான செலவைக் கழித்துக்கொண்டே விலை பேச வேண்டும். சோதித்துப் பார்க்கையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிக் அடித்துத் தொடங்குவதும், சூடேறிய பின் ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டால் சத்தம் உடனே அடங்குகிறதா எனக் கவனிப்பதும் அவசியம். மெதுவாக அடங்கினால் எங்கோ காற்று புகுகிறது.

கேள்வி: புதிதாகப் போர் அடித்த வண்டி தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது சீஸ் ஆகிவிட்டது. மேடு ஏறும்போது நன்றாக இருந்த வண்டி இறக்கத்தில் நிற்பது எப்படி?
– வாசகர், நல்லம்பள்ளி

பதில்: ஆர்எக்ஸ் 100-இல் ஆட்டோலூப் என்னும் பம்ப், தனி டேங்கிலிருந்து 2டி ஆயிலை இன்ஜினுக்குள் செலுத்துகிறது, அதன் அளவை இன்ஜின் சுழலும் வேகமும் ஆக்சிலரேட்டர் திறப்பும் சேர்ந்து நிர்ணயிக்கின்றன. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடி, கியரில் விட்டு இறங்கினால், சக்கரமே இன்ஜினை வேகமாகச் சுழற்றுகையில் பம்ப் மிகக் குறைந்த அளவே ஆயில் தருகிறது. புதிதாகக் கடைந்த, இடைவெளி இறுக்கமான சிலிண்டர் அதைத் தாங்காது. பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயில் கலக்கும் வண்டிகளில் பெட்ரோல் வரத்து குறைந்தால் ஆயிலும் குறையும் என்பதால் நிலைமை இதுவே. இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரைச் சற்றுத் திருகிவிட வேண்டும். வேகத்தை இரு பிரேக்குகளாலும் விட்டுவிட்டுக் கட்டுப்படுத்த வேண்டும். வத்தல்மலைக்கும் ஒகேனக்கல் இறக்கத்துக்கும் இது பொருந்தும். வாங்கும் நாளிலேயே பம்ப் இருக்கிறதா, கழற்றப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வெறும் பெட்ரோல் நிரப்பி ஓட்டியவர்கள் வீட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே சென்றுள்ளனர்.

கேள்வி: 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுத்துவிடுமா?
– வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: கவனித்தால் கெடுக்காது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். பழைய கார்புரேட்டர் வெறும் பெட்ரோலுக்கென அளந்து வைக்கப்பட்டதாதலால், எத்தனால் கலக்கும்போது எரிபொருள் போதாமல் சூடு கூடுகிறது. மெயின் ஜெட் எனப்படும் சிறு துளைப் பாகத்தை அடுத்த அளவுக்கு மாற்றி, பிளக் நிறம் பார்த்துச் சரிசெய்வதும், பெட்ரோல் குழாய், ஓ-ரிங் போன்ற ரப்பர் பாகங்களைப் புதிதாக்குவதும் போதுமானவை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது என்பதால், மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோலை விட்டுவைக்கக் கூடாது.

கேள்வி: பெங்களூரில் ஒரு வண்டி மலிவாகக் கிடைக்கிறது. அரூரில் உள்ள இன்னொன்றின் உரிமையாளர் இறந்துவிட்டார். 15 ஆண்டும் கடந்துவிட்டது. எதை விடுவது?
– வாசகர், பாலக்கோடு

பதில்: இரண்டையும் விட வேண்டியதில்லை. கர்நாடக வண்டிக்கு அங்குள்ள அலுவலகத்தில் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெற்றால்தான் இங்கு மறுபதிவு செய்ய முடியும். அந்தச் சான்று கைக்கு வரும் முன் முழுப் பணத்தையும் கொடுப்பது அறிவுடைமை ஆகாது. இறந்தவரின் வண்டியை அவருடைய வாரிசு முதலில் படிவம் 31 மூலம் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகு படிவங்கள் 29, 30 மூலம் வாங்குபவருக்கு மாற்றித் தர வேண்டும். 15 ஆண்டு கடந்தது குறித்து அஞ்ச வேண்டாம். பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் விதிக்கப்பட்ட தடை தமிழ்நாட்டுக்கு உரியதன்று. வண்டி நல்ல நிலையில் இருந்தால், படிவம் 25 கொடுத்து, ஆய்வுக்குக் காட்டி, ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

கேள்வி: வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத மகனுக்கு ஆர்டி 350 வாங்கித் தரலாமா? எச்.டி., எல்.டி. என்பவற்றில் எது நல்லது?
– வாசகர், மொரப்பூர்

பதில்: வாங்கித் தரக் கூடாது. 1983 முதல் 1989 வரை ராஜ்தூத் 350 என்ற பெயரில் விற்கப்பட்ட இந்த 347 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டியில், எச்.டி. வகை 30.5 குதிரைத்திறனும் மைலேஜுக்காகக் குறைக்கப்பட்ட எல்.டி. வகை 27 குதிரைத்திறனும் தந்தன; ஜப்பானிய மூல வண்டியில் இருந்த முன் டிஸ்க் பிரேக் இரண்டிலும் இல்லை, டிரம் மட்டுமே உண்டு. குறிப்பிட்ட சுழற்சிக்கு மேல் திறன் திடீரெனப் பொங்கி எழும் வண்டியை, தற்காலப் பிரேக்குகள் அளவுக்கு நிற்காத டிரம்முடன் அனுபவமற்றவர் கையில் கொடுப்பது அன்பு ஆகாது. ஆர்எக்ஸ் 100-இன் 11 குதிரைத்திறனே அதன் 103 கிலோ எடைக்குத் தாராளம். அதையும் பிரேக் ஷூக்களை மாற்றி, டயர்களின் வயதைப் பார்த்த பின்னரே கொடுக்க வேண்டும்.

கேள்வி: பழம்பெரும் வாகனம் எனத் தனிப் பதிவு எண் வாங்கித் தருவதாக ஒரு தரகர் கூறுகிறார். நம்பலாமா?
– வாசகர், அரூர்

பதில்: நம்ப வேண்டாம். 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கே அந்தப் பதிவு உண்டு. ஆர்எக்ஸ் 100-இல் மிக மூத்ததற்கும் 2035 வரை அது கிடைக்காது. கிடைத்தாலும் அத்தகைய வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட அனுமதியில்லை. தரகருக்கென ஒதுக்கிய பணத்தை ஆயில் சீல்களுக்கும் பிரேக்குக்கும் செலவிடுவது நல்லது.