காசநோய்க் கிருமியும் உடலின் காவலும்

கிருமி உடலில் நுழைந்தால் நோய் வந்துவிடும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். அது பாதி உண்மைதான். உலக மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலில் காசநோய்க் கிருமி புகுந்திருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் தோன்றுகிறது. ஏனையோரைக் காப்பது எது? அந்தக் காவல் எப்போது தளர்கிறது? விடுதியில் கூடி வாழும் நாம் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் நன்று.

நுழையும் வழி

1882 மார்ச் 24-ஆம் நாள், இந்நோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டறிந்த செய்தியை ராபர்ட் காக் பெர்லின் நகரில் வெளியிட்டார். நோயாளி இருமும்போது கிருமி தாங்கிய நுண்துளிகள் காற்றில் மிதக்கின்றன. பெரிய துளிகளை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். மிகச் சிறியவை நுரையீரலின் காற்றறைகளை எட்டுகின்றன. உண்ணும் தட்டாலோ, குடிக்கும் குவளையாலோ, கைகுலுக்குவதாலோ இந்நோய் பரவுவதில்லை.

காவலனுக்குள் பகைவன்

காற்றறைகளில் விழுங்கணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் காவல் நிற்கின்றன. வந்த கிருமியை விழுங்கிச் செரித்துவிடுவது அவற்றின் தொழில். காசக் கிருமிக்கோ மெழுகு போன்ற தடித்த உறை உண்டு. செரிக்கும் நீர் தன்மேல் படாதவாறு தடுத்துக்கொண்டு, விழுங்கிய அணுவுக்குள்ளேயே அது பெருகுகிறது. ஆனால் மெதுவாகத்தான் பெருகும். குடலில் வாழும் ஈ.கோலி, நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் வேண்டும்.

சில வாரங்களில் டி அணுக்கள் துணைக்கு வருகின்றன. அவை சுரக்கும் பொருள்கள் விழுங்கணுக்களுக்குப் புதிய வலிமை தருகின்றன. எல்லாம் திரண்டு கிருமியைச் சுற்றி மதில் எழுப்புகின்றன. இதற்குக் கிரானுலோமா என்று பெயர். உள்ளே கிருமி பல்லாண்டு முடங்கிக் கிடக்கலாம். அவ்வாறு இருக்கும்வரை அம்மனிதர் நோயாளி அல்லர். பிறருக்கு நோயைப் பரப்புவதும் இல்லை.

மதில் இடிந்தால்

காவல் தளர்ந்தால் மதிலின் நடுப்பகுதி பாலாடைக்கட்டிபோல் நைந்து, மூச்சுக்குழாயில் உடைகிறது. நுரையீரலில் குழி விழுகிறது. இருமலோடு கிருமி வெளிப்படுகிறது. காலராக் கிருமி தான் சுரக்கும் நஞ்சினால் நோய் விளைவிக்கிறது. காசநோயிலோ, சிதைவில் பெரும்பங்கு நம் உடல் நடத்தும் போரினாலேயே நேர்கிறது.

காவலைத் தளர்த்துவன யாவை? எச்.ஐ.வி., நீரிழிவு, புகையிலை, மது, இவற்றோடு ஊட்டக்குறைவு. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரைகளும் வழங்கினார்கள். பெறாத குடும்பங்களோடு ஒப்பிட, பெற்றவர்களிடையே புதிதாய் நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. தேர்வுக் காலத்தில் சோற்றை மறந்து தேநீரிலேயே நாளைக் கழிக்கும் நண்பர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

சென்னை காட்டிய வழி

உணவு காவலை வலுப்படுத்தும். நோய் தோன்றியபின் மருந்தே அதை வெல்லும். இதை ஐயமற நிறுவியதில் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1956-இல் அங்கே தொடங்கிய ஆய்வில் நோயாளிகளுள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். முடிவு 1959-இல் வெளியாயிற்று. நெருக்கடியான வீட்டில், எளிய உணவுண்டு இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். அவர்கள் வீட்டாருக்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. நோயாளியை ஊருக்குப் புறம்பே ஒதுக்கவேண்டும் என்ற கொள்கை அதனால் ஆட்டங்கண்டது.

நாம் செய்யவேண்டியது

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவை கண்டால் சளியைச் சோதிக்கவேண்டும். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. இரண்டு மாதத்தில் உடல் தேறியதும் நிறுத்துவது பெருந்தவறு. மெதுவாய்ப் பெருகும் கிருமிகளுள் எஞ்சியவை மீண்டும் தலையெடுக்கும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறக்கூடும்.

ஊரைவிட்டு வந்து படிக்கும் நம்மில் ஒருவருக்கு இருமல் நீடித்தால், அறைத்தோழன் விலகுவானோ, வீட்டார் கலங்குவார்களோ என்று அஞ்சி அவர் அதை மறைக்கக்கூடும். அவர் மறைப்பதற்கு நாம் காரணமாகாதிருப்போம். மருத்துவமனை வரிசையில் அவரோடு நாமும் நிற்போம்.