வேலை கேட்க யாரைக் கூப்பிடுவது?

வேலை தேடுகிறவர் முதலில் நெருங்கிய நண்பர்களிடம் சொல்வார். அடுத்து சொந்தக்காரர்கள். பிறகு நௌக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளத்தில் கை வலிக்க விண்ணப்பம் போடுவார். நம்பர் போனில் இருந்தும் மூன்று வருடமாகப் பேசாத அந்தப் பழைய டீம்மேட் மட்டும் நினைவுக்கே வரமாட்டார். பல நேரம் வேலை பற்றிய தகவல் இருப்பது அவரிடம்தான்.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். பாஸ்டனை ஒட்டிய நியூட்டனில், சமீபத்தில் வேலை மாறியிருந்த ஆண்களைப் பிடித்து, யார் மூலம் இந்த வேலை கிடைத்தது, அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். தெரிந்தவர் வழியாக வேலைக்கு வந்தவர்களில், வாரம் இரண்டு தடவையாவது பார்க்கிற ஆள் மூலம் வந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கிறவர் மூலம் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறை, அல்லது அதுவும் இல்லை என்கிற அளவுக்குப் பழக்கமுள்ளவர் மூலம் 27.8 சதவீதம். இந்த ஆய்வு 1973இல் கட்டுரையாக அச்சேறியது.

அதிகம் பழகாதவர் இப்படிக் கை கொடுப்பதற்குக் காரணம் எளிது. உங்கள் நெருங்கிய நண்பர் காதில் விழும் காலியிடம் பெரும்பாலும் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். ஒரே வாட்ஸ்அப் குரூப், ஒரே வட்டம். அரைகுறைப் பழக்கம் உள்ளவர்தான் வேறொரு வட்டத்தில் நிற்கிறார். வீட்டில் முதல் பட்டதாரியாக வந்தவருக்கு இது இன்னும் பொருந்தும். மாமா, சித்தப்பா எவ்வளவு பாசமாக இருந்தாலும் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு ஆள் எடுப்பவரை அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. கல்லூரி சீனியர், இன்டர்ன்ஷிப்பில் வேலை சொல்லிக் கொடுத்தவர், கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்தவர் ஆகியோருக்குத் தெரிந்திருக்கலாம்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, லிங்க்ட்இன் ஐந்து ஆண்டுகளில் 2 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களிடம் நடத்திய சோதனைகளை அலசியது. ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று தளம் காட்டும் பரிந்துரையைச் சிலருக்கு ஒரு விதமாகவும் சிலருக்கு வேறு விதமாகவும் மாற்றிப் பார்த்தார்கள். (தங்களை வைத்துச் சோதனை நடப்பது பயனாளர்களுக்குத் தெரியாது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. நியாயமான விமர்சனம்.) மிக நெருக்கமும் இல்லாமல், சுத்தமாக அந்நியமும் இல்லாமல், நடுத்தரமாகப் பழகியவர்கள்தான் வேலை மாறுவதற்கு அதிகம் உதவியிருந்தார்கள். ஆனால் இது சாஃப்ட்வேர் போன்ற டிஜிட்டல் துறைகளில்தான் பலமாகத் தெரிந்தது. கணினி அதிகம் நுழையாத துறைகளில் நெருங்கிய உறவே கை கொடுத்தது. ஆகவே பட்டறை வேலையோ கடை வேலையோ தேடுகிறவர் மாமாவையே முதலில் கேட்கலாம்.

சரி, யாரைக் கேட்பது என்று தெரிந்தும் ஏன் கேட்பதில்லை? “இத்தனை நாள் ஒரு போன் இல்லை, இப்போது எந்த முகத்தோடு கேட்பது?” என்பதுதான் தடை. இந்தக் கூச்சம் நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை. கனடாவின் லாரா ஆக்னினும் பிரிட்டனின் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரமும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்பு விட்டுப்போன பழைய நண்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னார்கள். நம்பர் இருக்கிறது, பேசவும் ஆசை, எழுதவும் நேரம் கொடுத்தாயிற்று. அப்படியும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பழைய நண்பரிடம் பேசுவதும் முன்பின் தெரியாதவரிடம் பேசுவதும் பலருக்கு ஒரே அளவு தயக்கத்தைத் தந்தன. தெருவில் கிடக்கும் குப்பையைப் பொறுக்குவதும் அப்படியே! அதே ஆய்விலேயே மருந்தும் இருக்கிறது. முதலில் சில நிமிடம் இப்போதைய நண்பர்களுக்கு மெசேஜ் போட்டுக் கை பழகியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பழைய நண்பருக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆகவே காலையில் எழுந்ததும் நேராகப் பழைய மேனேஜருக்கு எழுத உட்காராதீர்கள். நன்றாகப் பழகும் இரண்டு மூன்று பேருக்கு நலம் விசாரித்து எழுதுங்கள். அந்தச் சூட்டோடு அடுத்ததை அனுப்பிவிடுங்கள்.

எதிரில் இருப்பவர் என்ன நினைப்பார் என்பதிலும் நம் கணக்கு தப்புகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் ஃபிளின், வனெசா போன்ஸ் இருவரும் செய்த சோதனை 2008இல் வெளியானது. ஐந்து பேரிடம் ஒரு படிவத்தை நிரப்பி வாங்க எத்தனை அந்நியரைக் கேட்க வேண்டியிருக்கும் என்றதற்கு, சுமார் 20 பேர் என்று மாணவர்கள் ஊகித்தார்கள். கேட்டுப் பார்த்தபோது 10 பேரே போதுமாக இருந்தது.

இனி, எழுதும் விதம். “ஹாய் அண்ணா, ஏதாவது ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க” என்று எழுதி ரெஸ்யூமேயை ஒட்டி அனுப்பினால், படிப்பவர் என்ன செய்ய முடியும்? தேடும் வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

“வணக்கம்க்கா, நல்லா இருக்கீங்களா? ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேமென்ட் பேஜை டெஸ்ட் பண்ணோமே, ஞாபகம் இருக்கா? போன மாசம் எங்க டீம்ல லேஆஃப், அதுல நானும் ஒருத்தி. உங்க கம்பெனி சைட்ல சீனியர் டெஸ்டர் போஸ்ட் பார்த்தேன், ஜாப் ஐடி கீழே இருக்கு. அந்த டீம் எப்படின்னு பத்து நிமிஷம் பேச முடியுமா? இப்ப தோதுப்படலைன்னா பரவாயில்லைக்கா.”

சேர்ந்து பார்த்த ஒரு வேலையை நினைவுபடுத்தியாயிற்று. லேஆஃபை மறைக்கவில்லை; மறைத்தால் அடுத்த கேள்வியிலேயே தடுமாற வேண்டிவரும். ரெஃபரல் கேட்காமல் பத்து நிமிடப் பேச்சு மட்டும் கேட்டாயிற்று. பேசி முடிக்கும்போது பெரும்பாலும் அவரே “ரெஸ்யூமே அனுப்பு, போட்டுவிடறேன்” என்பார். பல கம்பெனிகளில் ரெஃபரல் மூலம் வந்தவர் சேர்ந்தால் அனுப்பியவருக்கும் போனஸ் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

‘பரவாயில்லைக்கா’ என்ற அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்; அவர் மறுக்க வழிவிடுவது அதுதான். போன்ஸ் 2017இல் மஹ்தி ரோகனிசாத்துடன் செய்த ஆய்வில், அந்நியரிடம் நேரில் கேட்பது மின்னஞ்சலில் கேட்பதைவிட 34 மடங்கு பலித்தது. அதைப் படித்துவிட்டு நேராக அவர் ஆபீஸ் வாசலில் போய் நிற்கலாம் என்று தோன்றும். நான் அதை ஏற்கமாட்டேன். நேரில் கேட்டால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வராது. அந்தச் சங்கடத்தில் பிறந்த ரெஃபரல் ஹெச்.ஆர். மெயிலில் ஒரு வரியாகக் கிடக்கும், உங்களுக்காக அவர் வாய் திறக்கமாட்டார். முதலில் எழுத்து, அவர் சரி என்றால் போன், தோது இருந்தால் ஒரு டீ. ரெஃபரல் போடப் பணம் கேட்கிற ஆளிடமிருந்து, அவர் யாராக இருந்தாலும், அந்த நிமிடமே விலகிவிடுங்கள்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். நீல டிக் விழுந்ததா என்று மணிக்கொரு முறை பார்ப்பதற்குப் பதில் அடுத்த பெயருக்குப் போங்கள். பதில் போட்டு உதவியவருக்கு, இன்டர்வியூ என்ன ஆனது என்பதை அன்றே இரண்டு வரியில் தெரிவித்துவிடுங்கள், தேறாமல் போயிருந்தாலும்.